இலவசக் கருவிகளில் எதை எடுப்பது? புதிதாக வலைப்பதிவு தொடங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

2020-ஆம் ஆண்டின் நடுவில், இந்திய வலைப்பதிவுகளுக்குப் போகும் ஏராளமான சுட்டிகள் ஒருசேரச் செத்துப்போயின. ஹேக்கர் யாரும் புகவில்லை, அரசு தடையும் போடவில்லை. 2012 முதல் கூகுள், தன் இலவச வலைப்பதிவுச் சேவையான ப்ளாகரின் தளங்களை நாட்டுக்கு ஒரு முகவரியில் காட்டத் தொடங்கியிருந்தது. இந்தியாவிலிருந்து திறந்தால் ப்ளாக்ஸ்பாட் டாட் காம், ப்ளாக்ஸ்பாட் டாட் இன் ஆக மாறிவிடும். முகவரிப் பட்டியில் கண்டதை அப்படியே நகலெடுத்து எல்லோரும் பகிர்ந்தார்கள். சில ஆண்டுகளில் கூகுள் அந்த வழக்கத்தைக் கைவிட்டது. பிறகு டாட் இன் முகவரியின் பதிவு காலாவதியாக, அதை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள். எழுதியதெல்லாம் டாட் காமில் பத்திரமாக இருந்தது. அங்கே வந்து சேரும் வழிதான் அறுந்துபோயிற்று.

இலவசக் கருவி எதைப் பார்த்தாலும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான்: நான் கிளம்பும் நாளிலோ, அவர்கள் கடையைச் சாத்தும் நாளிலோ என் கையில் என்ன மிஞ்சும்? வசதிகளின் பட்டியல் எல்லாக் கருவிக்கும் நீளமாகத்தான் இருக்கும். தமிழில் எழுதுபவர்களுக்கு அதற்கு முன்பே கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. அந்தக் கருவிக்குள் போனால் தமிழ் எழுத்து உடையாமல் நிற்கிறதா? மாடித் தோட்டமோ, பழைய நாணயமோ, பறவைகளோ, சொந்த ஊரின் கோயில் வரலாறோ, எதைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்றாலும் இந்த இரண்டு கேள்விகளும் போதும்.

எங்கே எழுதுவது

முதலில் ப்ளாகர். பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் 1999-இல் தொடங்கியது, 2003-இல் கூகுள் வாங்கியது. பார்க்கப் பழைய வீடு மாதிரி இருக்கிறது என்று இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஆனால் இலவசமாக அது தருவதை மற்ற பலரிடம் தேடினால் கிடைப்பதில்லை. அவர்களாக விளம்பரம் போடமாட்டார்கள். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவின் ஹெச்டிஎம்எல் நிரல் முழுவதையும் உங்கள் இஷ்டத்துக்குத் திருத்தலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சொந்த முகவரியைக் கூடுதல் கட்டணமில்லாமல் இணைத்துக்கொள்ளலாம். விளம்பர வருமானம் வேண்டுமென்றால் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸும் உண்டு. 2018-இலிருந்து அது தமிழ்த் தளங்களையும் ஏற்கிறது. அந்த வருமானத்தை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

ப்ளாகரில் தமிழ்ப் பதிவர் கவனிக்கவேண்டியது இரண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் பதிவின் முகவரியில் அது வராது. ஆங்கில எழுத்தே இல்லாததால் ‘ப்ளாக்-போஸ்ட்’ என்றும், அதே மாதத்தின் அடுத்த பதிவுக்கு அதன் பின்னால் ஓர் எண்ணோடும் முகவரி அமைந்துவிடும். வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கத்தில் நிலைச்சுட்டி என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களை நீங்களே கொடுத்துவிடுங்கள். அடுத்தது படங்கள். ப்ளாகர் தரும் காப்புக் கோப்பில் பதிவுகளும் பின்னூட்டங்களும் இறங்கும். படங்களின் இடத்தில் சுட்டி மட்டுமே இருக்கும். படங்களை ஆண்டுவாரியாக ஒரு கோப்புறையில் உங்கள் கணினியிலேயே வைத்திருப்பவருக்குக் கவலையில்லை.

வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு சங்கதிகள் இருப்பது புதியவர்களை நிறையவே குழப்புகிறது. 2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கிய மென்பொருள் ஒன்று. யாரும் இறக்கி, எந்த வழங்கியிலும், அதாவது தளத்தைத் தாங்கி நிற்கும் எந்த இணையக் கணினியிலும், நிறுவிக்கொள்ளலாம். அதே மென்பொருளை வைத்து ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2005-இலிருந்து நடத்தும் வேர்ட்பிரஸ் டாட் காம் சேவை இன்னொன்று. நண்பர் ஒருவர் ‘வேர்ட்பிரஸ்ஸில் எல்லாம் செய்யலாம்’ என்று சொன்னால், அநேகமாக முதலாவதைச் சொல்கிறார். நீங்கள் போய்க் கணக்குத் திறப்பது இரண்டாவதில்.

டாட் காமின் இலவசக் கணக்கில் இடம் 1 ஜிபி. உங்கள் பதிவுக்குக் கீழே அவர்களுடைய விளம்பரம் ஓடும், அதில் உங்களுக்குப் பங்கில்லை. கூடுதல் வசதி தரும் துணை நிரல்களான நீட்சிகளை நிறுவ முடியாது. சொந்த முகவரியை இணைக்கக் காசு கட்டவேண்டும். எழுதும் திரை என்னவோ அழகுதான். ப்ளாகரின் எழுதுபலகை அதன் பக்கத்தில் நிற்காது. வெளியேறும் வழியும் இங்கேதான் அகலம். ஏற்றுமதிக் கோப்பை இறக்கி, நாளைக்கே வேறொரு வழங்கியில் வேர்ட்பிரஸ் நிறுவி அதில் ஏற்றினால் பகுப்பு, குறிச்சொல், பின்னூட்டம் எல்லாம் அப்படியே வந்து உட்காரும். முகவரிச் சிக்கல் இங்கும் உண்டு, வேறு விதமாக. தமிழ்த் தலைப்பை இது அப்படியே முகவரியாக்கும். உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்துகளாக விரியும். மொத்த வரம்பு 200 எழுத்துகள் என்பதால் தலைப்பு இரண்டு மூன்று சொல்லோடு வெட்டுப்பட்டு நிற்கும். வாட்ஸாப்பில் பகிர்ந்தால் திரை முழுக்க விழுக்காட்டுக் குறிகள். இதற்கும் மருந்து அதே ஆங்கிலச் சொற்கள்தான்.

மென்பொருளை இறக்கிச் சொந்த வழங்கியில் நிறுவுவது பற்றிச் சுருக்கமாக: அடுப்பு இலவசம், விறகுக்குக் காசு. முகவரிக்கும் வழங்கிக்கும் ஆண்டுதோறும் கட்டவேண்டும். அதைவிடப் பெரிய செலவு கவனம். நீட்சிகளைப் புதுப்பிக்காமல் விட்டால் ஓட்டை விழும், எரிதப் (ஸ்பேம்) பின்னூட்டங்கள் குவியும், ஒருநாள் தளம் மருந்துக்கடை விளம்பரம் காட்டும். கடை நடத்துபவர், பத்திரிகை நடத்துபவர் போகலாம். வாரம் ஒரு பதிவு எழுதும் பொழுதுபோக்காளர் முதல் ஆண்டில் இந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

நான்காவது வழிதான் கொஞ்சம் நின்று பேசவேண்டியது. ஹ்யூகோ, ஜெக்கில் போன்றவை நிலைத்தள உருவாக்கிகள். பதிவுகளை உங்கள் கணினியில் மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவில் எழுதுகிறீர்கள். ஒரு கட்டளை கொடுத்தால் அத்தனையும் ஹெச்டிஎம்எல் பக்கங்களாக மாறி ஒரு கோப்புறையில் நிற்கும். அதை கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தின் இலவச வசதியான கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் தளம் தயார். தரவுத்தளம் இல்லை, கடவுச்சொல் கேட்கும் நிர்வாகப் பக்கம் இல்லை. அதனால் உடைத்துப் புகுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. வேகமோ கண்ணிமைக்கும் நேரம். தளம் 1 ஜிபிக்குள் இருக்கவேண்டும், இலவசக் கணக்கில் கோப்புகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் என்பவைதான் நிபந்தனை. சொந்த முகவரியை இதிலும் இலவசமாக இணைக்கலாம்.

இதில் ‘வெளியேறுவது’ என்ற பேச்சே எழாது. மூலம் முழுக்க உங்கள் கணினியில்தான் இருக்கிறது. கிட்ஹப்பில் இருப்பது நகல். நாளை வேறு எங்கும் ஏற்றலாம். ஆனால் கட்டளைச்சாளரத்தைப் பார்த்தால் படபடக்கும் மனது உள்ளவருக்கு முதல் வாரம் கசக்கும். கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் என்ற கருவியைப் பழகவேண்டும். பின்னூட்டப் பெட்டி இயல்பாகக் கிடையாது. தமிழ்ப் பதிவுலகமே பின்னூட்டத்தில் வளர்ந்தது என்பதால் சிலருக்கு இது பெரிய குறை. பொறியியல் படிக்கும் மாணவரென்றால் யோசிக்காமல் இதில் இறங்கலாம். வழியில் கற்கும் கிட் வேலைக்கும் உதவும்.

மீடியம் என்ற எழுத்துத் தளம், சப்ஸ்டாக் என்ற மின்னஞ்சல் மடல் சேவை இரண்டையும் பலர் கேட்கிறார்கள். சப்ஸ்டாக்கில் வாசகர்களின் மின்னஞ்சல் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம் என்பது பெரிய நல்ல அம்சம். கட்டண வாசகர்கள் வந்தால் அதில் 10% அவர்களுக்கு. மீடியம், பணம் கட்டிய உறுப்பினருக்கு மட்டும் திறக்கும் சுவரை எழுப்பிப் பிழைக்கும் இடம். ஃபேஸ்புக்கில் எழுதுவது வாசகரை உடனே தரும். ஆனால் மூன்று ஆண்டுக்கு முன் எழுதிய ஒரு நல்ல பத்தியை அங்கே தேடி எடுத்துப் பாருங்கள், தெரியும்.

ஆகவே என் கட்சி இது: கணினி பழக்கம் குறைவென்றால் ப்ளாகர், கூடவே சொந்த முகவரி. அந்த முகவரிக்குப் போகும் பணம் ஆண்டுக்கு ஒரு குடும்பம் ஒருவேளை ஓட்டலில் சாப்பிடும் செலவுக்குள் அடங்கும். இந்தக் கட்டுரையில் நான் காசு செலவழிக்கச் சொல்வது இது ஒன்றுக்குத்தான். கூகுள் 2013-இல் வலைப்பதிவுகளைத் திரட்டிப் படிக்க உதவிய ரீடரையும் 2019-இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தையும் மூடியது. நாளை ப்ளாகரை மூடினாலும் முகவரி உங்களுடையதாக இருந்தால், உள்ளிருப்பதை வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றி, பெயரை அங்கே திருப்பிவிடலாம். ப்ளாகரிலிருந்து இறக்குமதி செய்யும் கருவி வேர்ட்பிரஸ்ஸிலேயே இருக்கிறது. முகவரியின் ஆண்டுப் புதுப்பிப்பை மட்டும் மறக்கக்கூடாது. கூகுளே மறந்த காரியம் அது.

தட்டச்சு: ஒலிபெயர்ப்பா, தமிழ்99-ஆ

இந்தக் கேள்விக்கு இணையத்தில் இருபது ஆண்டுகளாகச் சண்டை நடக்கிறது. நடுநிலை வகிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் ஒலிபெயர்ப்பு முறைக்குப் பயிற்சி வேண்டாம். முதல் நாளே ஒரு பத்தி அடித்துவிடலாம். தமிழ்99 அப்படியல்ல. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் இருக்கும். ஒரு வாரம் தடுமாறும். அதற்குப் பின் என்ன நடக்கிறது என்பதற்கு ‘வணக்கம்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒலிபெயர்ப்பில் எட்டு எழுத்து, நடுவில் ணகரத்துக்காக ஷிஃப்ட் வேறு. தமிழ்99-இல் வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். ங-வை அடுத்துக் க, ஞ-வை அடுத்துச் ச தட்டினாலும் அப்படியே. ஒற்று மிகுந்த மொழிக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது நாலு பக்கம் அடித்த விரலுக்குத் தெரியும்.

ஊகித்துச் சொல் காட்டும் ஒலிபெயர்ப்புக் கருவிகளில் எனக்கு இன்னொரு குறையும் உண்டு. அவை பட்டியலில் முதலாவதாகக் காட்டும் சொல்லையே கை தேர்ந்தெடுத்துவிடுகிறது. வட்டார வழக்குச் சொல்லோ ஊர்ப் பெயரோ எழுதினால் அது அறிந்த வேறு சொல்லாக்கிவிடும். ஊர் வரலாறு எழுதுபவருக்கு இது தலைவலி.

கருவியாக எதை எடுப்பது? விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலும் 11-லும் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். மேக்கில் அஞ்சல் என்ற ஒலிபெயர்ப்பு முறை, தமிழ்99 இரண்டும் முன்பே உண்டு. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக வரும். என்ஹெச்எம் ரைட்டர், இ-கலப்பை, அழகி மூன்றும் தமிழ் இணையத்தை வளர்த்த கருவிகள். விண்டோஸின் பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கும், தட்டச்சுப் பள்ளியில் பழகிய பழைய விசைப்பலகையை விட மனமில்லாதவருக்கும் இன்றும் அவைதான் கதி. கூகுள் உள்ளீட்டுக் கருவி ஒருகாலத்தில் விண்டோஸில் இணையமில்லாமலே இயங்கியது, எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்கள். கூகுள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இப்போது இருப்பது உலாவிக்குள் வேலை செய்யும் வடிவம். விரல் எதில் பழகியிருக்கிறது என்பதும் ஒருவகைச் சிறைதான். தமிழ்99 எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் அதே இடத்தில் அதே எழுத்து. ஒலிபெயர்ப்பு அப்படியில்லை, கருவிக்குக் கருவி ழகரமும் ஞகரமும் வேறு விசையில் ஒளிந்திருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ‘கௌதமன்’ என்பதைப் பலர் ‘கெளதமன்’ என்று, அதாவது கெ-வுக்குப் பக்கத்தில் ளகரம் போட்டு, அடிக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. தேடுபொறிக்கு இரண்டும் வேறு. உங்கள் பௌர்ணமிப் பதிவு தேடலில் வராததற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

எழுதி வைப்பது

எந்தத் தளமானாலும் அதன் எழுதுபலகையிலேயே நேரடியாக எழுதாதீர்கள். கணினியில் எழுதி, பிறகு ஒட்டுங்கள். ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் உரை மட்டும் போகும். இல்லாவிட்டால் சொற்செயலியின் வண்ணமும் எழுத்துரு அளவும் ஒட்டிக்கொண்டு போய்ப் பதிவைச் சிதைக்கும்.

கூகுள் டாக்ஸா, லிப்ரே ஆபிஸா? இரண்டு கணினி, ஒரு கைபேசி என்று மாறி மாறி எழுதுபவருக்கு டாக்ஸ். அதில் அதிகம் பேர் அறியாத ஒரு வசதியும் உண்டு. பழைய புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து டிரைவில் ஏற்றி, டாக்ஸ் கொண்டு திறந்தால் படத்துக்குக் கீழே அந்தத் தமிழ் எழுத்துகள் உரையாக வந்திருக்கும். அச்சு தெளிவாக இருந்தால் திருத்தம் கொஞ்சம்தான். இதே வேலைக்கு டெசராக்ட் என்ற திறமூல (நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய) மென்பொருளும் இருக்கிறது, இணையம் தேவையில்லை. நிறுவுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

லிப்ரே ஆபிஸ் 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்து வந்தது. கோப்பு உங்கள் கணினியில், யாருடைய கணக்கும் வேண்டாம், நீளமான நூலுக்கும் தாங்கும். புதியவர்கள் அதை வெறுத்து ஓடுவதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மாறும், தமிழ் மாறாது. பழுதென்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழை அது சிக்கல் எழுத்து அமைப்பு என்று தனிக் கணக்கில் வைத்திருக்கிறது. விருப்பங்களில் மொழிப் பகுதிக்குப் போய் அந்த அமைப்பை இயக்கிவிட்டால், எழுத்துருச் சாளரத்தில் தமிழுக்கென்று தனி வரி வரும். அங்கே மாற்றினால் மாறும்.

பிழை திருத்த நீச்சல்காரன் உருவாக்கிய ‘வாணி’யும், சந்திக்கு அவருடைய ‘நாவி’யும் இணையத்தில் இலவசம். நாவி சொல்வதை எல்லாம் அப்படியே ஏற்காமல் கண்ணால் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பெயர்ச்சொல்லும் தெரியாது, உங்கள் பேச்சு நடையும் தெரியாது. வீட்டில் பழைய எழுத்து முறைகளான பாமினியிலோ டிஸ்கியிலோ அடித்த பழைய கோப்புகள் கிடந்தால், ஊர்ச் சங்க மலர், தாத்தாவின் கவிதைகள் போல, என்ஹெச்எம் கன்வர்ட்டரோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியோ அவற்றை இன்றைய பொது முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) கொண்டுவரும். இலங்கைத் தமிழர் வீடுகளில் பாமினிக் கோப்பு இல்லாத பழைய கணினி அபூர்வம்.

படம்

இங்கேதான் தமிழ் உடையும். ‘கொ’ என்பது கணினியின் உள்ளே ககரமும் அதற்குப் பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறியைப் பிளந்து, கொம்பை ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கவேண்டும். இந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும், அல்லது புள்ளிவட்டம் ஒன்று முளைக்கும். ஆகவே எந்தப் படக்கருவியோ காணொளிக்கருவியோ ஆனாலும், மற்ற வசதிகளைப் பார்க்கும் முன் ‘கொக்கு, பௌர்ணமி, ஸ்ரீ’ என்று மூன்று சொற்களை அடித்துப் பாருங்கள். அரை நிமிடச் சோதனை.

கான்வா இந்தச் சோதனையில் தேறும். பதிவுக்கு மேல் வைக்க ஒரு முகப்புப் படம், பிறந்தநாள் வாழ்த்து, கூட்ட அழைப்பிதழ் எல்லாம் பத்து நிமிடத்தில் முடியும். இலவசக் கணக்கில் கிரீடம் போட்ட படங்களைத் தொட முடியாது, பின்னணி நீக்கிய பிஎன்ஜி கிடைக்காது. அதெல்லாம் பரவாயில்லை. அடுக்கடுக்காகத் திருத்தக்கூடிய மூலக் கோப்பு வெளியே வராது என்பதுதான் எனக்குப் பிரச்சினை. முடிந்த படம் உங்களுடையது, வேலை அவர்களுடைய கிடங்கில். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் படங்களுக்குக் கான்வாவே சரி. வலைப்பதிவின் முத்திரை, நூல் அட்டை, கோட்டோவியம் போல ஆண்டுக்கணக்கில் வேண்டியவற்றை அங்கே செய்யாதீர்கள்.

அவற்றுக்கு இங்க்ஸ்கேப். எஸ்விஜி என்ற பொது வடிவத்தில் சேமிக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மழுங்காது, வேறு எந்த மென்பொருளிலும் திறக்கும். ஒளிப்படத் திருத்தத்துக்கு கிம்ப். 1995-இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை. 2025 மார்ச்சில் 3.0 வந்தது. விளைவுகளைப் போட்ட பின்னும் கலைத்து மாற்றும் வசதி அதில்தான் வந்து சேர்ந்தது. கிம்ப்பின் முகம் பழகக் கடினம் என்ற புகார் நியாயம்தான். நிறுவ மனமில்லாதவர் உலாவியில் ஃபோட்டோபீயைத் திறக்கலாம். ஃபோட்டோஷாப் கோப்புகளையே திறக்கும், படங்கள் உங்கள் கணினியைவிட்டு வெளியே போவதில்லை. ஓரத்தில் விளம்பரம் இருக்கும், சகித்துக்கொள்ளவேண்டும்.

எழுத்துருவில் கஞ்சத்தனம் வேண்டாம். முக்த மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கவிவனார், நோட்டோ வகைகள் எல்லாம் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இறக்கி வைத்துக்கொண்டால் அச்சு நூலுக்கும் போடலாம். உடல் எழுத்துக்கு முக்த மலர் எனக்குப் பிடித்தது. கவிவனாரைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மற்றவர் படம் எடுப்பதென்றால் விக்கிமீடியா காமன்ஸுக்கு முதலிடம் கொடுங்கள். அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ் படங்கள் பளபளப்பானவை, ஆனால் கும்பகோணத்துக் கோபுரமோ பனங்கிழங்கோ அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். காமன்ஸில் ஊர்க்காரர்களே எடுத்துப் போட்ட படங்கள் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு எடுத்தவர் பெயரும் உரிமமும் குறிப்பிடவேண்டும். படத்துக்குக் கீழே ஒரு வரி.

ஒலியும் காணொளியும்

ஒலிக்கு ஆடாசிட்டி. ஒப்பிட வேறு பெயர் தேடவேண்டியதில்லை. 2000-இல் வெளிவந்தது, 2021-இல் மியூஸ் குழுமம் வாங்கியபோது தனியுரிமைக் கொள்கை பற்றிப் பெரிய சலசலப்பு எழுந்தது. திறமூலம் என்பதால் கோபித்துக்கொண்டவர்கள் உடனே கிளை பிரித்துக்கொண்டு போனார்கள். பதிவு செய்யும்போது தொடக்கத்தில் ஐந்து நொடி பேசாமல் இருங்கள். அந்த அமைதியைத் தேர்ந்தெடுத்து இரைச்சல் மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுவதற்கும் இரைச்சல் குறைப்பைப் போட்டால் மின்விசிறிச் சத்தம் அடங்கும். கூடுதலாகப் போட்டால் குரல் தகரம் மாதிரி ஒலிக்கும்.

காணொளிக்குக் கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் மூன்றும் போட்டியில் உள்ளவை. முதலிரண்டும் திறமூலம், தமிழ்த் தலைப்புகள் ஒழுங்காக நிற்கும், பழைய மடிக்கணினியிலும் ஓரளவு ஓடும். ரிசால்வ் திரைப்படத் துறையின் கருவி, இலவசப் பதிப்பே பிரமாதம். ஆனால் நல்ல வரைவி அட்டை இல்லாத கணினியில் அது நகராது. கணினித் திரையில் நடப்பதைப் பதிவு செய்து பாடம் எடுப்பவருக்கு ஓபிஎஸ்.

கையில் கைபேசி மட்டும் இருந்தால்

தமிழ்ப் பதிவர்களில் பலருக்கு நிலைமை இதுதான் என்பதால் மேலே சொன்னதில் பாதி அவர்களுக்கு எட்டாது. ப்ளாகர் உலாவியிலேயே எழுத விடுகிறது. ஜிபோர்டு, செல்லினம் ஆகிய செயலிகளில் தமிழ் விசைப்பலகை உண்டு. ஜிபோர்டில் 2017-இலிருந்து தமிழில் பேசியும் எழுதலாம். நிறுத்தற்குறியை நீங்கள்தான் பிறகு போடவேண்டியிருக்கும், பேச்சுத் தமிழைக் கேட்டால் திணறும், எழுத்துத் தமிழில் நிதானமாகச் சொன்னால் வியக்கும்படி பிடித்துக்கொள்ளும். பாட்டி சொல்லும் சமையல் குறிப்பை அப்படியே எழுத்தாக்கலாம் என்று நம்பி இறங்காதீர்கள். ஒலியாகப் பதிந்துவைத்து, நீங்கள் கேட்டுத் திரும்பச் சொல்லுங்கள். ஒலிக்கோப்பையும் அழிக்காமல் வையுங்கள். படத்துக்கு ஸ்னாப்சீட் போதும், விளம்பரமே கிடையாது.

கைபேசியில் எழுதுபவர் வரைவை வாட்ஸாப்பில் தனக்குத்தானே அனுப்பி வைத்திருப்பதைப் பார்க்கிறேன். அதற்குப் பதில் கூகுள் டாக்ஸ் செயலியில் பதிவுக்கு ஒரு கோப்பு என்று வைத்தால், பின்னாளில் கணினி வாங்கியதும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் இறக்கி, லிப்ரே ஆபிஸில் திறந்து ஒரு நூலாகக் கோக்கலாம். கேலிபர் என்ற இலவச மென்பொருள் அதை ஈபப் வடிவ மின்னூலாக்கும். எவரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தரச் சம்மதமென்றால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தினரிடம் கொடுக்கலாம். அதே மாதிரி உரிமத்தில் வந்த நூல்களைத்தான் அவர்கள் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறார்கள், வாசகரும் காசில்லாமல் இறக்கிக்கொள்வார்.